துணிக்குள் உடைந்த நீர்க்காகம்

"நான்தான் உடைச்சேன்னு சொல்லிட்டேனே. இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?"

"ஒரு தடவை போதும்மா" என்றார் டீச்சர். "அது நிஜமா இருந்தா."

சின்னவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள். மடித்ததை உதறினாள். மறுபடி மடித்தாள். ஒரு பக்கக் கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

கண்டக்டர் கதவோரம் நின்றான். அறையில் உட்கார நாற்காலி இல்லை. ஒரு கட்டில். வாயைப் பிளந்து கிடக்கும் பெட்டி. சுவரில் கப்பல் சீருடையில் ஒருவன். சின்னவளின் கணவன். இந்த வேலையைக் கொடுத்தவன் அவன்தான். நடுக்கடலிலிருந்து போன் செய்தான்.

"என் பொண்டாட்டி கோவக்காரி மேடம். தட்டை உடைப்பா, டம்ளரை உடைப்பா, லீவுல வந்தா என் மண்டையைக்கூட உடைப்பா. கண்ணாடியை மட்டும் உடைக்கமாட்டா. உடைச்சேன்னு அவளே சொல்றாளாம். அது ஏன்னு கண்டுபிடிங்க."

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. பரீட்சைத் தாள் எந்த வழியாக வெளியே போகிறது என்று கண்டுபிடித்தவர். தலைமையாசிரியர் வழியாகப் போனது. கடைசியில் வெளியே போனது டீச்சர். கண்டக்டரும் இப்போது கண்டக்டர் இல்லை. அவன் வேலையைத் தின்றது அவன் வாய். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்தத் துப்பறியும் தொழில் மிஞ்சியது.

"எதால அடிச்சே?" என்றார் டீச்சர்.

"உலைக்கம்பியால."

"எங்க அடிச்சே?"

"தலையில."

"பறவையோட தலை முழுசா இருக்கே. இப்பதான் பார்த்துட்டு வரேன். அலகுகூட உடையல."

சின்னவளின் கை நின்றது. "அப்ப உடம்புல அடிச்சிருப்பேன்."

"அடிச்ச இடம் ஞாபகம் இல்லேன்னா ரெண்டே காரணம்தான்" என்றான் கண்டக்டர். "தண்ணி போட்டிருக்கணும். இல்ல, அடிச்சே இருக்கக்கூடாது."

"சார், நீங்க யாரு?"

"இவங்க மூளை. நான் வாய். கால் வாடகைக்கு."

அவள் சிரிக்கவில்லை. பெட்டியில் சட்டையை வைத்து அழுத்தினாள்.

பொழுது சாய்வதற்குள் அவள் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும். பெரியவளின் நிபந்தனை அது. போனால் போலீஸ் வராது. இருந்தால் வரும். எதுவானாலும் பட்டறைக்குள் இனி அவள் கால் படக்கூடாது.

பெரியவள் இவளுக்கு ஓரகத்தி. அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும். தம்பி கப்பலில். அண்ணன் முன்கட்டில் கடை பார்க்கிறார். பின்கட்டுப் பட்டறையில் இரண்டு பெண்களும் கண்ணாடி உருக்குகிறார்கள். நண்டு, கடல் குதிரை, நட்சத்திர மீன், பாறையில் அலை மோதும் கணம், பறவைகள். இவள் இந்த வீட்டுக்கு வந்தபோது கண்ணாடி என்றால் முகம் பார்ப்பது என்று மட்டும் தெரிந்தவள். கம்பியைப் பிடிக்க, உருட்ட, ஊத, இழுக்க எல்லாம் பெரியவள் சொல்லிக் கொடுத்தது.

"இந்த வேலையை விட்டா என்ன செய்வே?" என்று கேட்டார் டீச்சர்.

"எனக்கு வேற எதுவும் தெரியாது" என்றாள் சின்னவள். அதை மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

*

கடை முழுக்கக் கடல். சுவர் நெடுகக் கண்ணாடித் தட்டுகள். ஒரு தட்டில் நண்டுகள், ஒன்றில் சங்குகள், ஒன்றில் நிறமே இல்லாத ஜெல்லி மீன்கள். நடுவில் ஒரு மர பீடம். அதன்மேல் ஒன்றும் இல்லை.

"இங்கதான் வச்சோம்" என்றார் கடைக்காரர். பெரியவளின் கணவர். பேசும்போது கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீர்க்காகம். பாறைமேல உக்காந்து றெக்கையை விரிச்சுக் காய வைக்குமே, அது. கடல் அருங்காட்சியகத்துல கேட்டிருந்தாங்க. தம்பி பொண்டாட்டிதான் செஞ்சா. என் வீட்டுக்காரி அப்ப வெளியூர் கண்காட்சில இருந்தா. நான்தான் கம்பியை உருட்டினேன்."

"அப்ப நீங்க முழுசா பார்த்திருக்கீங்க."

"பார்த்தேன். எனக்குக் காக்கா மாதிரிதான் தெரிஞ்சுது. சூடு தாங்கல. கை எரியுது. எவன் பார்த்தான்?"

"அப்புறம்?"

"ஓவன்ல வச்சு ஆற விட்டோம். நாள் கணக்கா ஆறணும். அதுக்குள்ள இவளுக்குப் பல்வலி. அம்மா வீட்டுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு அங்கயே படுத்துட்டா. அந்த நேரத்துல என் வீட்டுக்காரி கண்காட்சி முடிஞ்சு வந்துட்டா. ஓவன் முழுசா ஆறின அன்னிக்கு இவளும் வந்தா. அன்னிக்கே உலையையும் அணைச்சோம், மராமத்துக்காக. இவளே வெளிய எடுத்தா, இவளே துணி போட்டு மூடினா. அருங்காட்சியகக்காரங்க வந்து திறக்கிற வரைக்கும் யாரும் பார்க்கக்கூடாதுன்னா. அன்னிக்குச் சாயங்காலமே சண்டை."

"எதுக்கு?"

"பீடத்துல யார் பேரு போடறதுன்னு. பட்டறைக்கு எப்பவும் என் வீட்டுக்காரி பேருதான். 'என் பேரு இல்லேன்னா பறவையும் இல்ல'ன்னு கத்தினா. நான் காதால கேட்டேன். காலைல பெரியவ துணியைத் தூக்கறா, உள்ள பறவை நொறுங்கிக் கிடக்கு."

டீச்சர் அங்கேயே நின்றார். "துணியைத் தூக்கினப்பவா?"

"ஆமா."

"துணி எங்க?"

மேஜைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெள்ளைப் போர்வை. டீச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். கிழிசல் இல்லை. பொத்தல் இல்லை.

"கண்டக்டர், உனக்குக் கோவம் வந்து ஒருத்தனை அடிக்கப்போறே. எப்படி அடிப்பே?"

"நான் அடிக்கமாட்டேன் டீச்சர். பேசியே சாகடிப்பேன்."

"பதில் சொல்லு."

"கைல கிடைச்சதை எடுத்து, இருக்கிற இடத்துலயே ஒண்ணு விடுவேன்."

"போர்வையை மெதுவா எடுத்து, மடிச்சு வச்சு, அடிச்சு நொறுக்கி, மறுபடி போர்வையைப் போட்டு, நாலு பக்கமும் இழுத்து விடுவியா?"

"அப்படிப் பண்ணா அதுக்குப் பேரு கோவம் இல்ல டீச்சர். படுக்கை தட்டிப் போடறது."

கடைக்காரர் கழுத்தைத் துடைப்பதை நிறுத்தினார். "அப்ப யாரு அடிச்சா?"

"யாருமே அடிக்கல" என்றார் டீச்சர். "அதுதான் சிக்கல். யாரும் அடிக்காதது ஏன் உடையணும்? உடைக்காதவ ஏன் உடைச்சேன்னு சொல்லணும்?"

கண்டக்டருக்கு அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாது. தெரியாதபோது அவன் கைக்குக் கிடைத்ததைத் தொட்டுப் பார்ப்பான். தட்டிலிருந்து ஒரு நண்டை எடுத்தான். கரும்பச்சை. உள்ளங்கைக்குள் அடங்கியது. வெளிச்சத்தில் பிடித்தால்தான் பச்சை என்று தெரிந்தது. அருகில் மேஜையில் கம்ப்யூட்டர் வெறும் வெள்ளைத் திரையோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நண்டை நீட்டினான்.

"அந்தக் கூலிங் கிளாஸைக் கழட்டித் தொலை. வீட்டுக்குள்ள எதுக்கு?" என்றார் டீச்சர்.

"துறைமுகத்துல வாங்கினது டீச்சர். தூண்டில்காரங்க போடறது. இதைப் போட்டா தண்ணிமேல வெயில் கூசாதாம், அடில இருக்கிற மீன் தெரியுமாம். மீன் தெரியல. இந்தக் கம்ப்யூட்டரைத் தலையைச் சாய்ச்சுப் பார்த்தா ஸ்கிரீனே இருட்டாயிடுது. ஏமாத்திட்டான். ஆனா இந்த நண்டு..." அவன் குரல் மாறியது. "டீச்சர், இந்த நண்டு உள்ளுக்குள்ள மயிலாட்டம் இருக்கு."

"என்ன உளர்றே?"

"நீங்களே பாருங்க."

டீச்சர் கூலிங் கிளாஸைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டார். அவர் மூக்குக்கு அது பெரிது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, திரை இருண்டதும் நண்டை அதன்முன் பிடித்தார். இருட்டில் நண்டு எரிந்தது. கால்கள் முளைக்கும் இடங்களில் மஞ்சள், ஊதா, நீலம் என வளையம் வளையமாக நிறம். கூலிங் கிளாஸை எடுத்தால் வெறும் பச்சை நண்டு.

பக்கத்தில் இருந்த சிவப்பு நண்டை எடுத்துப் பார்த்தார். நிறம் இல்லை. நீல நண்டு. இல்லை. கடல் குதிரை. இல்லை. தட்டில் கரும்பச்சை நண்டுகள் இன்னும் மூன்று இருந்தன. ஒன்றில் வானவில் இருந்தது. மற்ற இரண்டும் சுத்தம்.

"இந்த நாலும் எப்ப செஞ்சது?"

"பறவைக்கு உருக்கினதுல மிச்சம்" என்றார் கடைக்காரர். "பறவையோடயே ஓவன்ல வச்சது."

டீச்சர் நாலு நண்டுகளையும் கைக்குட்டையில் போட்டு முடிந்தார்.

*

சின்னவள் கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தாள். கண்டக்டர் தன் போன் திரையை வெள்ளையாக்கிப் பிடித்தான். திரை இருளும்வரை அதைத் திருப்பினான். முதல் நண்டைப் பார்த்ததும் அவள் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கட்டிலில் வைத்தாள்.

"அக்கா பார்த்தாங்களா?"

"இல்ல."

"மாமா?"

"பார்த்தாரு. ஒண்ணும் புரியல."

"காட்டாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். யார்கிட்டயும் காட்டாதீங்க."

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "இது என்னன்னு எனக்குச் சொல்லு. பரீட்சைல கேக்கற மாதிரி இல்ல. தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி."

அவள் சொல்லத் தொடங்கினாள். கண்ணாடி வெளியே சீக்கிரம் ஆறும், உள்ளே மெதுவாக ஆறும். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் இறுகிக்கொள்ளும், உள்பக்கம் இழுக்கும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த இழுப்பு முறுக்கின கயிறு மாதிரி உள்ளேயே இருக்கும். ஒரு நாள், ஒரு வாரம், எப்போதோ ஒருநாள், யாரும் தொடாமலே வெடிக்கும். அப்படி ஆகாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் குறைக்கத்தான் ஓவன். பெரிய பட்டறைகளில் அந்த இழுப்பைப் பார்க்கவென்றே ஒரு விளக்கு வைத்திருப்பார்கள். அதில் இழுப்பு இப்படித்தான் வானவில்லாகத் தெரியும்.

"எங்ககிட்ட இல்ல. நேரம் குடுத்தாப் போதும், விளக்கு எதுக்குன்னு அக்கா சொல்லும்."

"காலைல துண்டுகளைப் பார்த்ததுமே உனக்குப் புரிஞ்சுடுச்சு. யாரும் அடிக்கல, தானா வெடிச்சுதுன்னு."

"ம்."

"பேசாம அதைச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? ஆற வைக்கத் தெரியாம எடுத்துட்டேன்னா? உடைச்சேன்னு சொன்னா கோவக்காரிம்பாங்க. சொல்லட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஓவன்ல சூடு வைக்கத் தெரியலேன்னு சொன்னா நான் யாரு? இத்தனை வருஷம் இந்த வீட்டுல என்ன கத்துக்கிட்டேன்? அருங்காட்சியகத்துல, கண்காட்சில, எந்தப் பட்டறைல போய் நிப்பேன்? ஜெயிலுக்குப் போனவளுக்குக்கூட வேலை குடுப்பாங்க. வேலை தெரியாதவளுக்கு யார் குடுப்பா?"

கண்டக்டர் வாயைத் திறந்தான். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"சரி" என்றார் டீச்சர். கைக்குட்டையைப் பிரித்து நாலு நண்டுகளையும் கட்டிலில் வைத்தார். "இதுல ஒவ்வொண்ணையும் ஓவன்ல எங்க வச்சே?"

"அது எதுக்கு?"

"சொல்லு."

அவள் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். தான் செய்ததில் எதற்கு எந்தக் கால் நீளம் என்று அவளுக்குத் தெரியும். "இது ரெண்டும் முன்னாடி, கதவுப் பக்கம். நடுவுல பறவை. இது ரெண்டும் அதுக்குப் பின்னாடி."

"நீ சூடு தப்பா வச்சிருந்தா நாலும் கெட்டிருக்கணும் இல்லையா?"

"ஆமா. எல்லாம் ஒரே ஓவன்தானே."

"கூலிங் கிளாஸைப் போடு."

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முன்னால் இருந்த இரண்டிலும் வானவில். பின்னால் இருந்த இரண்டும் சுத்தம். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் மூச்சு மாறுவதைக் கண்டக்டர் கவனித்தான்.

"கதவை யாரோ திறந்திருக்காங்க" என்றாள் மெதுவாக. "பாதியில. சூடா இருக்கறப்ப."

"உன் மேல தப்பு இல்ல" என்றார் டீச்சர்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை என்று நினைத்தான் கண்டக்டர். கையை எடுத்தபோது தெரிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீங்கின கன்னத்தோடு, சின்னப் பெண் மாதிரி. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவனுக்குத் தோன்றியது. கதவைத் திறந்தது யார் என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை.

*

பெரியவள் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தாள், மன்னிப்புக் கேட்க. கடைக்காரர் பட்டறையைத் திறந்துவிட்டார். சின்னவள் வாசலோடு நின்றுகொண்டாள்.

"வா" என்றார் டீச்சர்.

"அக்கா வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

உலை அணைந்து கிடந்தது. சாம்பல் நிறத்தில், வாய் திறந்து. சுவரில் கம்பிகள் நீளவாரியாகச் சாய்ந்திருந்தன. நீரில் ஊறும் மரக் கரண்டிகள், பெரிய இடுக்கிகள், கருகிய செய்தித்தாள் கட்டு. மூலையில் ஓவன், ஆள் உட்காரும் அளவு. அதன் கதவுக்குப் பூட்டு கிடையாது.

"இந்த ஓவனை யார் யார் தொடுவாங்க?" என்று டீச்சர் கடைக்காரரைக் கேட்டார்.

"அவங்க ரெண்டு பேருதான். எனக்கு அதோட பட்டனே தெரியாது."

அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. கைக்குட்டையை எடுத்தார். துடைக்கவில்லை.

"என் வீட்டுக்காரியா? அவ எதுக்குங்க திறக்கப்போறா? அவளுக்குத் தெரியாததா?"

"தெரியும். அதான் எனக்கும் புரியல" என்றார் டீச்சர்.

கண்டக்டர் இதற்குள் உலைக்குப் பின்னால் இருந்த தகர டிரம்முக்குள் தலையை விட்டிருந்தான். சரியாக வராததை, உடைந்ததை எல்லாம் அதில் போடுவார்கள். மறுபடி உருக்கலாம்.

"டீச்சர், பிணம் அங்க. றெக்கை இங்க இருக்கு."

நிமிர்ந்தபோது அவன் கையில் ஒரு சிறகு. கரும்பச்சை. விரித்த சிறகு, இறகு இறகாக. நுனியில் விரிசல்.

"பறவையோட றெக்கை நொறுங்கித் தூளாயிடுச்சு. நான்தான் கூட்டி அள்ளினேன்" என்றார் கடைக்காரர்.

சின்னவள் வாசலிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அது என்னோடது இல்ல. என்னோடது இதைவிடப் பெருசு."

கண்டக்டர் இன்னொன்றை எடுத்தான். பிறகு இன்னொன்று. எடுக்க எடுக்க வந்தது. சில பாதியில் நின்றவை. சில வளைந்து சுருண்டவை. ஒவ்வொன்றாகப் பெஞ்சில் வைத்தான். எல்லாம் இடது சிறகு. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓர் இறகு இல்லை. பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி.

"ஒருத்தன் ஒரு தடவை தப்புப் பண்ணலாம்" என்றான் கண்டக்டர். "ஒரே தப்பை உக்காந்து உக்காந்து பண்ணுவானா?"

டீச்சர் வாசல் பக்கம் திரும்பினார். சின்னவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டறப்ப ஒரு இறகு நழுவி விழுந்துடுச்சு" என்றாள். "மறுபடி ஒட்ட நேரமில்ல. போகட்டும்னு விட்டேன். விட்டுட்டுப் பார்த்தா... அதுலதான் உயிரே இருந்துச்சு. அடிபட்டு வந்த பறவை மாதிரி."

"இதை யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் இல்ல."

"நீங்க?" என்று கடைக்காரரைப் பார்த்தார் டீச்சர்.

"நான் றெக்கையை எண்ணிட்டா இருந்தேன்?"

"பறவை வெளிய வந்த அன்னிக்கே உலை அணைஞ்சாச்சு. இதெல்லாம் அதுக்கு முன்னாடி செஞ்சது. பறவை ஓவனுக்குள்ள இருக்கறப்ப. உள்ள இருந்த பறவைல ஒரு இறகு இல்லேன்னு இதைச் செஞ்சவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

சின்னவள் சிறகுகளை எண்ணுவது போலப் பார்த்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நீ போய் உன் அறைல இரு" என்றார் டீச்சர். "நான் கூப்பிடறேன்."

*

பெரியவள் வந்தபோது வெயில் மங்கியிருந்தது. உயரமான பெண். கையில் நெருப்புத் தழும்புகள். பட்டறைக்குள் வந்தவள் பெஞ்சைப் பார்த்தாள். வரிசையாகச் சிறகுகள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். உலையின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"திறந்தேன்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

"எதுக்கு?"

"பார்க்க."

"பார்த்துட்டு மூட வேண்டியதுதானே?"

"மூடணும்னு தெரியும். அவளுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஒரு கண்ணு வச்சுட்டு மூடிடலாம்னுதான் திறந்தேன்." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "முகத்துல அனல் அடிக்குது. புருவம் கருகற வாடை வருது. கை கதவுமேல இருக்கு. மூட மனசு வரல."

"அவ்வளவு நல்லா இருந்துச்சா?" என்றான் கண்டக்டர்.

"நானும் பறவை பண்றேன். எல்லாரும் வாங்கறாங்க. என் பறவை எல்லாம் நிக்கும். அவளோடது றெக்கை காய வச்சுக்கிட்டு இருந்துச்சு."

டிரம்மைப் பார்த்தாள். "அந்த ஒரு றெக்கையாவது வருதான்னு பார்த்தேன். வரல. எனக்கு ஒட்டத் தெரியுது. விழ விடத் தெரியல."

டீச்சர் அவள் எதிரே நின்றார். "கதவைத் திறந்து வச்சதால அது கெட்டிருக்கும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருந்தா மறுபடி சூடேத்தி ஆற வச்சிருக்கலாம்."

"வச்சிருக்கலாம். பிழைச்சிருக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, ஏன் திறந்தேன்னு கேப்பா."

கண்டக்டர் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அடுத்த கேள்விக்குப் போனார்.

"அவ உடைச்சேன்னு ஒத்துக்கிட்டப்ப?"

"எனக்கே ஆச்சரியம்தான். நீதான் உடைச்சேன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ ஆமாங்கறா." பெரியவள் எழுந்தாள். "போலீஸ் எல்லாம் வேண்டாம். அருங்காட்சியகத்துல நானே சொல்லிடறேன், நான்தான் ஓவனைத் திறந்தேன்னு. அவ இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. நான் இப்ப சொன்னதை அவகிட்ட சொல்லாதீங்க."

"எதை? திறந்ததையா?"

"மூட மனசு வரலேன்னதை."

டீச்சர் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. கூப்பிடும்வரை சின்னவள் காத்திருக்கவில்லை. இந்த முறை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் கடைக்காரர், அடுத்த வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்க வந்தவர் போல.

"நான் வச்ச சூடு சரிதானே அக்கா?"

"சரிதான்."

"ஆற விட்ட நேரம்?"

"அதுவும் சரிதான். உன் மேல ஒண்ணும் இல்ல. நான் திறந்தேன்."

"ஏன்?"

"சரியா ஆறுதான்னு பார்க்கத்தான்."

சின்னவள் பெஞ்சிலிருந்து ஒரு சிறகை எடுத்தாள். இடைவெளியில் விரலை வைத்தாள். விரல் அதில் சரியாகப் பொருந்தியது. வைத்துவிட்டாள்.

"முழுசா பார்த்தது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "மாமா பார்த்தது கணக்குல இல்ல. அவருக்கு அது காக்கா. நீங்க சொல்லுங்க அக்கா. எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. பாடம் ஒப்பித்துவிட்டு நிற்கும் பெண்ணின் குரல். கண்டக்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை. சொல்லிவிடு, ஒரு வார்த்தைதானே என்று மனதுக்குள் பெரியவளை உந்தினான்.

பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"கழுத்து கொஞ்சம் குட்டை" என்றாள். வெளியே போனாள்.

சின்னவள் தலையை ஆட்டினாள், குறித்துக்கொள்வது போல. பிறகு சுவரோரம் போய்த் தன் இடுக்கியையும் இரண்டு மரக் கரண்டிகளையும் எடுத்தாள். பழைய துணியில் சுற்றினாள்.

"அதான் உன் மேல தப்பில்லேன்னு ஆயிடுச்சே" என்றார் கடைக்காரர். "இப்ப எங்க கிளம்பறே?"

"இனிமே எதைச் செஞ்சாலும் ஆறற வரைக்கும் ஓவன் முன்னாடி காவலா உக்காந்திருப்பேனா மாமா?"

"அதுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாப் போச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். "பாவம் மாமா நீங்க" என்றாள்.

*

தெருவாசல் வரை டீச்சர் அவளோடு நடந்தார். கண்டக்டர் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. உப்புக்காற்று வீசியது. எதிர்வீட்டு மதில்மேல் ஏதோ ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"எங்க போவே?" என்றார் டீச்சர்.

"ஏதாவது ஒரு பட்டறை. சூடு வைக்கத் தெரியும்னு சொல்லுவேன். இப்ப சொல்லலாமில்ல?"

"சொல்லலாம்."

அவள் நாலு எட்டு வைத்தாள். டீச்சர் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. சொல்லாதீங்க என்று கேட்ட பெரியவளுக்குப் பதில் சொல்ல நேரமே இருக்கவில்லை.

"கதவை மூட மனசு வரலேன்னு சொன்னாங்க" என்றார். "உன் பறவையைப் பார்த்துட்டு. புருவம் கருகற வரைக்கும் நின்னாங்களாம். அவங்க பறவை நிக்குமாம், உன்னோடது றெக்கை காய வச்சுக்கிட்டு இருந்துச்சாம்."

சின்னவள் நின்றாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும் என்று கண்டக்டர் எதிர்பார்த்தான்.

"உங்ககிட்ட சொன்னாங்க" என்றாள். "எங்கிட்ட குட்டைன்னாங்க."

பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.